கட் சொல்வது யார்?

சின்னத்திரையில் நடித்துக்கொண்டே இயக்குகிறவர்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். பெரும்பாலான கேள்விகள் திருமுருகன், திருச்செல்வம், மறைந்த ஜி.மாரிமுத்து ஆகிய மூவரையும் சுற்றியே இருந்தன. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டோம்.

? 'மெட்டி ஒலி'யில் கோபியாக வந்த திருமுருகன்தான் அதன் இயக்குநர். 'கோலங்கள்' தொல்காப்பியனாக வந்த திருச்செல்வமும் அப்படியே. நடிகர்களுக்கா பஞ்சம்? சம்பளத்தை மிச்சம் பிடிக்கவா?
வாசகர், புதுக்கோட்டை

சம்பளம் மிச்சமாவது உண்மைதான், ஆனால் அது உபரி லாபம். தேதிதான் முதல் காரணம்.

கணக்கைப் பாருங்கள். வாரம் ஐந்து நாள் ஒளிபரப்பு என்றால் மாதத்துக்குச் சுமார் 22 எபிசோட். அரை மணி ஸ்லாட்டில் விளம்பரம், டைட்டில், முன்கதை எல்லாம் போக நிற்பது ஏறக்குறைய 20 நிமிடம். ஆக மாதம் 440 நிமிடம் எடுத்தாக வேண்டும். ஷெட்யூல் 15 நாள் என்று வைத்தால் நாளொன்றுக்கு 29 நிமிடம். இரண்டரை, மூன்று நிமிட சீன்களாகப் பிரித்தால் தினமும் பத்து சீன். சினிமாவில் ஒரு நாளில் இரண்டு மூன்று நிமிடம் தேறினாலே யூனிட் சந்தோஷமாக வீட்டுக்குப் போகும்.

இந்த ஓட்டத்தில் இருபது முப்பது நடிகர்களின் கால்ஷீட்டைக் கோர்க்க வேண்டும். பாதிப் பேர் வேறு தொடர்களிலும் இருப்பார்கள். அப்பாவாக நடிப்பவர் 3 முதல் 9 வரை தருகிறார், சம்பந்தியாக நடிப்பவர் 7 முதல் 14 வரை தருகிறார் என்றால், இருவரும் நேருக்கு நேர் மோதும் சீனுக்கு மூன்றே நாள். அதில் ஒரு நாள் ஒருவருக்குத் தொண்டை கட்டினால் மாதக் கதையே ஆட்டம் காணும். ஷெட்யூலின் எல்லா நாளும் காலை முதல் இரவு வரை ஸ்பாட்டில் இருக்கும் ஒரே ஆள் இயக்குநர். அவர் ஒரு பாத்திரம் எடுத்துக்கொண்டால், தேதி தவறவே தவறாத ஒரு நடிகர் கதைக்குக் கிடைத்துவிடுகிறார்.

அந்தப் பாத்திரத்துக்கும் லட்சணம் உண்டு. எந்த வீட்டுக்குள்ளும் நுழைய முடிய வேண்டும், எல்லோரோடும் பேச முடிய வேண்டும், ஆனால் கதையின் முழுப் பாரமும் அதன் தோளில் ஏறக் கூடாது. தேவயானி நடித்த அபிக்கு நண்பனாக வந்த தொல்காப்பியன் அப்படி ஒரு பாத்திரம். யாரோ ஒருவர் வர முடியாமல் போனால், அவர் வாயால் வர வேண்டிய சேதியை நண்பன் வந்து சொல்லிவிடலாம், சீன் பிழைத்துக்கொள்ளும். இயக்குநர் நாயகனாகவே நின்று எல்லா சீனிலும் அழுது சிரித்தால், சீக்கிரமே நடிப்போ இயக்கமோ ஒன்று சரியும்.

2020 ஊரடங்கில் இந்த வசதியின் அருமை தெரிந்தது. தமிழக அரசு சின்னத்திரைப் படப்பிடிப்புக்கு முதலில் 20 பேருக்குத்தான் அனுமதி கொடுத்தது. பிறகு 60 ஆக்கியது. இருபது தலைக்குள் கேமரா, லைட், மேக்கப், நடிகர் எல்லோரும் அடங்க வேண்டும் என்கிறபோது, இரண்டு வேலை பார்க்கும் ஒரு தலை பெரிய விஷயம்.

? ஃப்ரேமுக்குள் நிற்பவர் மானிட்டரை எப்படிப் பார்ப்பார்? அவர் நடிக்கும்போது 'கட்' சொல்வது யார்?
வாசகி, திருவாரூர்

அசோசியேட் டைரக்டர், அதாவது உதவி இயக்குநர்களில் மூத்தவர். நடித்து இயக்குகிறவரின் தொடர் நன்றாக வருகிறதா என்பது பாதிக்குமேல் அந்த ஒருவரைப் பொறுத்தது.

நடைமுறை இப்படி இருக்கும். சீன் பேப்பர் கைக்கு வந்ததும் இயக்குநர் யார் எங்கே நிற்பது, எங்கிருந்து எங்கே நகர்வது என்று முடிவு செய்கிறார். தன் இடத்தில் ஏறக்குறைய தன் உயரமுள்ள ஓர் உதவி இயக்குநரை நிறுத்திவிட்டு, கேமராவுக்குப் பின்னால் போய் ஃப்ரேமையும் லைட்டையும் பார்க்கிறார். ஒத்திகை முடியும்வரை அந்த உதவியாளர்தான் அவருக்கு டூப். டேக் என்றதும் உள்ளே போகிறார், மானிட்டர் அசோசியேட் கைக்கு வருகிறது. முதலில் எல்லோரும் இருக்கும் மாஸ்டர் ஷாட். அடுத்து மற்றவர்களின் குளோசப், ரியாக்‌ஷன். அப்போது இயக்குநர் மானிட்டரிலேயே உட்கார்ந்துவிடலாம், அவருடைய வசனத்தை உதவியாளர் வெளியிலிருந்து படித்துக் கொடுப்பார். இயக்குநரின் சொந்த குளோசப் கடைசி. முடிந்தால் அதே லைட்டிங்கில் உள்ள இரண்டு மூன்று சீன்களின் அவரது குளோசப்பையும் ஒரே மூச்சில் முடித்துவிடுவார்கள். அப்படிச் செய்யும்போது சட்டை மாற மறந்துபோவதுதான் வழக்கமான விபத்து. ஷாட்டுக்கு ஷாட் உடையும் பொருளும் மாறாமல் இருக்கிறதா என்று கன்டினியூட்டி பார்க்கும் உதவியாளர் செல்போனில் படம் எடுத்து வைத்திருந்தால் தப்பிக்கலாம்.

கெட்டுப்போகும் இடங்கள் மூன்று. எதிரில் இருப்பவர் வசனம் பேசும்போது, மனப்பாடமாகத் தெரிந்த இயக்குநரின் உதடும் சேர்ந்து அசையும். ஸ்பாட்டில் யாருக்கும் தெரியாது, எடிட்டிங் டேபிளில்தான் தெரியும். அடுத்தது பார்வை: பாத்திரமாகப் பார்க்க வேண்டிய கண், 'சரியாகச் சொல்கிறாரா' என்று சோதிக்கிற கண்ணாக மாறிவிடும். எதிரில் இருப்பவர் புதியவர் என்றால் அந்தப் பார்வைக்கே தடுமாறுவார். மூன்றாவது, அவசரத்தில் தானே 'கட்' சொல்லிவிடுவது. வசனம் முடிந்தபின் மூன்று விநாடியாவது முகம் அப்படியே நின்றால்தான் எடிட்டருக்கு வெட்ட இடம் கிடைக்கும். எபிசோடின் கடைசி ஷாட் என்றால் இன்னும் அதிகம் வேண்டும், முகம் உறைந்து நிற்க 'தொடரும்' போட வேண்டுமே! நடிக்கிற நாளில் 'கட்' சொல்லும் உரிமை அசோசியேட்டுக்கு மட்டுமே என்று எழுதாத சட்டம் வைத்துக்கொள்ளும் யூனிட்டில் இந்தப் பிரச்னை வராது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 'சார், உங்கள் நடிப்பு சரியில்லை, ஒன்மோர் போகலாம்' என்று இயக்குநரிடம் சொல்லும் தைரியமுள்ள அசோசியேட் அபூர்வம். நடித்து இயக்குகிறவர்களின் நடிப்பு பல வருடம் ஒரே அளவில் நின்றுவிடுவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

? திருமுருகனின் 'நாதஸ்வரம்' ஆயிரமாவது எபிசோடை லைவாகக் காட்டினார்களே, அது நிஜமாகவே ஒரே ஷாட்தானா?
வாசகர், சிவகங்கை

ஒரே ஷாட்தான். 2014 மார்ச் 5 அன்று 23 நிமிடம் 25 விநாடி, வெட்டே இல்லாமல் நேரலையாக வந்தது. கின்னஸ் சாதனையாகவும் பதிவானது.

இதில் கேமராமேனின் உழைப்பைத்தான் எல்லோரும் பாராட்டுகிறார்கள். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு: பிராம்ப்டிங். தினம் பத்து சீன் எடுக்கும் தொடரில் யாரும் வசனத்தை மனப்பாடம் செய்வதில்லை. உதவி இயக்குநர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று வரிவரியாக எடுத்துக் கொடுப்பார், நடிகர் காதில் வாங்கித் திருப்பிச் சொல்வார். அந்தக் குரல் பதிவானாலும் பிறகு டப்பிங்கில் போய்விடும். நேரலையில் டப்பிங் கிடையாது, ஆகவே பிராம்ப்டிங்கும் கிடையாது. 23 நிமிட வசனத்தையும் மேடை நாடகம்போல நெஞ்சில் ஏற்றிக்கொண்டுதான் வர வேண்டும். அந்தத் தொடரில் மௌலி போன்ற நாடக மேடைக்காரர்கள் இருந்தது சாதாரண பலம் அல்ல.

அடுத்த தலைவலி லைட். வழக்கமாகக் கேமரா பார்க்காத பக்கத்தில் லைட் ஸ்டாண்டும் தெர்மாகோலும் நிற்கும். கேமரா வீட்டைச் சுற்றி வந்தால் பார்க்காத பக்கம் என்று ஒன்று இல்லை. எனவே லைட்டை உத்தரத்திலும் தூணுக்குப் பின்னாலும் ஒளித்து வைக்க வேண்டும், வாசலில் இருந்து உள்ளே வரும்போது மாறும் வெளிச்சத்துக்கு ஏற்ப, லென்ஸுக்குள் போகும் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் ஐரிஸைக் கேமரா ஓடும்போதே திருப்ப வேண்டும். ஒவ்வொருவர் உடம்பிலும் தனி வயர்லெஸ் மைக், அதன் பேட்டரி புதிதாக இருக்க வேண்டும், பட்டுப் புடவை உரசும் சத்தம் மைக்கில் ஏறாதபடி ஒட்ட வேண்டும். கேமரா கேபிளோடு போனால் கேபிளைச் சுருட்டிக்கொண்டு பின்னால் ஓட ஆள் வேண்டும், அந்த ஆள் கண்ணாடியில் தெரியக் கூடாது. சுவரில் மாட்டிய கல்யாண போட்டோவின் கண்ணாடிதான் இதில் முதல் எதிரி.

மாதக்கணக்கில் நாளுக்குப் பத்து சீன் என்று எடுத்துப் பழகிய யூனிட்டுக்கு வேகம் கைவந்த கலை. ஒத்திகைதான் அவர்களுக்குப் பழக்கமில்லாதது. அதைச் செய்ய வைத்ததற்காகவே அந்த எபிசோடை மதிக்க வேண்டும். கதை அன்று பெரிதாக நகர்ந்ததா என்று கேட்டால், அது வேறு கேள்வி.

? திருமுருகன் 'எம் மகன்' போன்ற வெற்றிப் படம் கொடுத்தார். பிறகும் ஏன் சீரியலுக்குத் திரும்பினார்?
வாசகர், கும்பகோணம்

'மெட்டி ஒலி' 2002 முதல் 2005 வரை 811 எபிசோட் ஓடியது. 2006-ல் 'எம் மகன்', 2008-ல் 'முனியாண்டி விலங்கியல் மூன்றாமாண்டு'. 2010-ல் 'நாதஸ்வரம்' தொடங்கிவிட்டார். அதன்பின் 'குலதெய்வம்', 'கல்யாண வீடு' என்று சின்னத்திரையிலேயே.

அவர் மனதில் இருந்ததை நாம் சொல்ல முடியாது. தொழிலின் அமைப்பைச் சொல்லலாம். சேனலுக்குக் கட்டணம் கட்டி ஸ்லாட்டை வாங்கி, அதில் வரும் விளம்பர நேரத்தைத் தயாரிப்பாளரே விற்றுக்கொள்ளும் முறை சன் டிவியில் நெடுங்காலம் இருந்தது. நல்ல ஸ்லாட்டில் ரேட்டிங் பிடித்த தொடர் என்றால் மாதாமாதம் வருமானம். 'நாதஸ்வர'த்தைத் திருமுருகனின் சொந்த நிறுவனமான திரு பிக்சர்ஸ் தயாரித்தது. கதை, இயக்கம், நடிப்பு, தயாரிப்பு நான்கும் ஒரே கையில். சினிமாவில் இந்தச் சுதந்திரம் எத்தனை இயக்குநருக்குக் கிடைக்கும்?

இன்னொரு வித்தியாசம் அளவு. 811 எபிசோட் என்பது, 20 நிமிடக் கணக்கில், 270 மணி நேரம். இரண்டரை மணி நேரப் படமாக்கினால் நூற்றுக்கும் மேல் வரும். 'கோலங்கள்' 2003 முதல் 2009 வரை 1533 எபிசோட், அதாவது 500 மணி நேரத்துக்கு மேல். அண்ணன் தம்பி பாகப் பிரிவினையை நாற்பது எபிசோடுக்கு விரித்துப் பழகிய கைக்கு, அதை இடைவேளைக்கு முன் முடி என்றால் வலிக்கும்.

எதிர்த்திசையில் போய் நிலைத்தவர் சமுத்திரக்கனி. 'அண்ணி', 'அரசி' என்று தொடர்கள் இயக்கியவர், 'நாடோடிகள்' இயக்குநராகி, 'விசாரணை'க்காகச் சிறந்த துணை நடிகர் தேசிய விருதும் வாங்கினார்.

? மாரிமுத்துவை 'ஏய், இந்தாம்மா!' என்ற வசனத்தோடு மட்டுமே நினைக்கிறார்கள். அவர் இயக்குநர் என்பது பலருக்குத் தெரியவில்லை. கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.
வாசகி, தேனி

உங்கள் மாவட்டத்துக்காரர்தான். வருசநாட்டுப் பக்கத்துப் பசுமலைத்தேரி. 1990 வாக்கில் சென்னை வந்து, வைரமுத்துவிடம் உதவியாளராக இருந்தார். ராஜ்கிரணின் 'அரண்மனைக் கிளி', 'எல்லாமே என் ராசாதான்' படங்களில் உதவி இயக்குநர். வசந்த், எஸ்.ஜே.சூர்யா என்று பலரிடம் வேலை பார்த்துவிட்டு, 2008-ல்தான் 'கண்ணும் கண்ணும்' படத்தை இயக்கினார். வந்து பதினெட்டு வருடம் ஆகியிருந்தது. இரண்டாவது படம் 'புலிவால்' 2014-ல்.

இடையில் 2011-ல் மிஷ்கினின் 'யுத்தம் செய்' அவரை நடிகராக்கியது. 'பரியேறும் பெருமாள்' படத்தில் நாயகியின் தந்தை, 'ஜெயிலர்' படத்தில் வில்லனின் ஆள் என்று வரிசையாகக் கிடைத்தன. ஆனாலும் தெருவில் பெயர் சொல்லிக் கூப்பிட வைத்தது 2022 பிப்ரவரியில் தொடங்கிய 'எதிர்நீச்சல்'. இயக்கியவர் திருச்செல்வம்; ஜீவானந்தமாக நடித்ததும் அவர்தான்.

அதில் மாரிமுத்து நடித்த ஆதி குணசேகரன் பாத்திரம் ஏன் அப்படிப் பிடித்தது? சீரியல் வில்லன் என்றால் புருவம் உயரும், இசை இடிக்கும், ஒரே முகம் மூன்று முறை சிவக்கும். மாரிமுத்து அதைச் செய்யவில்லை. சாப்பிட்டுக்கொண்டே, வேட்டியைச் சரிசெய்துகொண்டே, வீட்டுப் பெண்களை அவமானப்படுத்துவார். தான் செய்வது தப்பு என்று தெரியாத ஆளாகவே நடித்தார். வீட்டில் இப்படி ஒரு பெரியப்பாவைப் பார்த்திராத குடும்பம் குறைவு என்பதால் பயமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இருபது வருடம் கேமராவுக்குப் பின்னால் நின்றவருக்கு, எந்த லென்ஸ் போட்டிருக்கிறார்கள், முகம் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பது சொல்லாமலே தெரியும். குளோசப்பில் குரலைத் தாழ்த்துவதற்கு அந்தப் பழக்கம் வேண்டும்.

2023 செப்டம்பர் 8 காலை, 'எதிர்நீச்ச'லுக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது நெஞ்சு வலி வந்தது. தானே காரை ஓட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார். காப்பாற்ற முடியவில்லை. 'ஜெயிலர்' வெளியாகி ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

டப்பிங் என்றால் சொகுசு வேலை என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பகலெல்லாம் ஷூட்டிங், அதற்கு முன்னோ பின்னோ மூடிய அறையில் நின்றுகொண்டு, உதட்டைப் பார்த்து அதே கத்தலை இன்னொரு முறை கத்த வேண்டும். அன்றோ மறுநாளோ ஒளிபரப்பு என்கிற நெருக்கடியில் அது விடியற்காலையிலும் நடக்கும். கையிருப்பில் பத்து எபிசோடாவது எடுத்து வைத்திருக்கும் தொடரில் இந்த அவதி குறைவு. ரேட்டிங்குக்காகக் கதையைக் கடைசி நேரத்தில் மாற்றும் தொடர்களில் அந்தக் கையிருப்பு ஒருபோதும் சேராது.

? 'இவருக்குப் பதில் இவர்' என்று ஒரு நாள் போட்டுவிட்டால் போதுமா? குணசேகரனாக வேல ராமமூர்த்தி வந்தபோது ஏற்றுக்கொள்ளக் கஷ்டமாக இருந்தது.
வாசகர், நெல்லை

சிறு பாத்திரத்துக்கு அந்தக் கார்டு போதும். தொடரின் முகமாகிவிட்டவருக்குப் போதாது. பாத்திரத்தைச் சில வாரம் கதையிலிருந்து விலக்கி வைத்து, மற்றவர்கள் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கும்படி எழுதி, எதிர்பார்ப்பு ஏறியபின் புதியவரை இறக்குவதுதான் பழைய உத்தி. புதியவருக்குப் பழையவரின் பேச்சு முறையை அப்படியே கொடுப்பது பெரிய தவறு, நகல் என்று முதல் நாளே தெரிந்துவிடும். வேல ராமமூர்த்தி எழுத்தாளர், அவருக்கென்று கனமான உடல்மொழி உண்டு. அவரது குணசேகரன் வேறு ஆள்தான். ஒப்பிடாமல் பார்த்தால் நன்றாகவே செய்தார்.

? பெண்கள் யாரும் இப்படி நடித்து இயக்கவில்லையா?
வாசகி, மதுரை

குறைவு, ஆனால் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் தூர்தர்ஷனில் சுஹாசினி இயக்கிய 'பெண்' தனித்தனிக் கதைகளாக வந்தது. வாரம் ஒரு கதை என்ற காலம் அது. தினசரித் தொடர் வந்தபின் பெண்கள் அதிகாரம் பிடித்தது தயாரிப்பில். ராதிகாவின் ராடான் நிறுவனம் அதற்குப் பெரிய உதாரணம். இயக்குநர் நாற்காலியில் இன்றும் ஆண்களே அதிகம். பார்ப்பவர்களில் பெரும்பகுதி பெண்கள் என்று தெரிந்தும் இது மாறாதது வெட்கக்கேடு.

? மோசமான காட்சி வந்தால் யாரிடம் புகார் சொல்வது?
வாசகர், சேலம்

முதலில் சேனலின் குறைதீர் அலுவலரிடம். 2021 விதிகளின்படி 15 நாளுக்குள் அவர்கள் பதில் சொல்ல வேண்டும். தேதி, நேரம், தொடரின் பெயர், காட்சி விவரம் நான்கும் எழுதுங்கள். 'கேவலமாக இருக்கிறது' என்று மட்டும் எழுதினால் நிற்காது. சேனலின் பதில் திருப்தி இல்லையென்றால் ஒளிபரப்பாளர்களின் சுயகட்டுப்பாட்டு அமைப்பான பிசிசிசி. வெறும் பெயரளவு அமைப்பு அல்ல: 2019 மே மாதம் 'கல்யாண வீடு' தொடரில் வந்த பாலியல் வன்முறைக் காட்சிகளுக்காகச் சன் டிவிக்கு இரண்டரை லட்சம் ரூபாய் அபராதமும், மன்னிப்பை ஒளிபரப்பும்படி உத்தரவும் வந்தன.

? பிளஸ் டூ முடித்த மகன், திருச்செல்வம் மாதிரி ஆக வேண்டும் என்கிறான். எங்கே தொடங்குவது?
வாசகர், ஈரோடு

இரண்டு வழி. படித்து வருவது: சென்னை தரமணியில் எம்.ஜி.ஆர். திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் நான்கு வருடப் பட்டம் தருகிறது. இயக்கம், ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு என்று தனித்தனிப் பிரிவுகள். அரசுக் கட்டணம்தான், இடம் குறைவு, வயது வரம்பு உண்டு. சேர்க்கை அறிவிப்பைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும்.

இன்னொன்று நேரே உதவி இயக்குநராகச் சேர்வது. முதல் ஆறு மாதம் கதை விவாதத்தில் உட்கார வைப்பார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். கிளாப் அடிக்கவும், கன்டினியூட்டி எழுதவும், மறுநாள் எந்த நடிகருக்கு எந்த உடை என்று மேக்கப் ரூமில் சொல்லவும் விடுவார்கள். கையெழுத்து தெளிவாக இருந்தால் சீன் பேப்பர் நகலெடுக்கும் வேலையும் வரும். வசனம் எப்படி எழுதப்படுகிறது என்று கற்க அதைவிட நல்ல இடமில்லை. பிறகு பிராம்ப்டிங். இங்கேதான் பலர் நடிகர்களாகவும் ஆகிறார்கள். குரல் ஏற்ற இறக்கத்தோடு எடுத்துக் கொடுக்கிறவனை, வராமல் போன சிறு நடிகருக்குப் பதில் ஒரு நாள் நிறுத்திப் பார்ப்பார்கள். கூரியர்காரர், ஆஸ்பத்திரி கம்பவுண்டர் என்று தொடங்கும்.

மகனிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். எடிட்டிங் மென்பொருள் ஏதாவது ஒன்றைக் கற்றுக்கொள்ளத் தயாரா? கற்றவனை எந்த யூனிட்டும் விடாது. முதல் இரண்டு வருடம் சம்பளம் பேட்டாவோடு நின்றாலும் சென்னையில் தங்க வீட்டிலிருந்து பணம் அனுப்ப முடியுமா என்பதை நீங்கள் யோசியுங்கள். சங்க அட்டை வாங்கித் தருகிறேன், ஹீரோவாக்குகிறேன் என்று முன்பணம் கேட்பவர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். உறுப்பினர் விவரத்தைச் சின்னத்திரை இயக்குநர்கள் சங்க அலுவலகத்துக்கு நேரே போய் விசாரித்துக்கொள்ளலாம்.